அறுநூறு மீட்டர் சேறும் ஓர் அடையாள அட்டையும்

வெள்ளிக்கிழமை, காலை 5.40. பொன்னமராவதி பேருந்து நிலையம். தோளில் ஒரு பை, கையில் பன்னிரண்டு ரூபாய்த் தேநீர்.

"என்னண்ணே, பையத் தூக்கிட்டீங்க? எங்கிட்டுப் பயணம்?" என்றார் கடைக்காரர்.

"கடலுக்கு."

"ராமேஸ்வரமா?"

"இல்லப்பா, நம்ம மாவட்டத்துக் கடலுக்கு."

"நம்ம மாவட்டத்துல ஏதுண்ணே கடலு?"

அவர் சிரித்ததில் பாதி கேலி, பாதி நிஜமான சந்தேகம். குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஐம்பத்தொரு வயதுக்குள் கன்னியாகுமரியில் விடிய விடிய நின்றிருக்கிறேன், கொங்கன் கரையில் மழையோடு நடந்திருக்கிறேன், கடல் கடல் என்று பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரம் கடலில் முடிகிறது என்பதைப் பள்ளிக்கூட வரைபடத்தில் பார்த்ததோடு சரி.

கிளப்பிவிட்டது சவரிமுத்து. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன், இப்போது மீமிசல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். போன வாரம் போனில் வந்தான். "கவிஞரே, கடலப் பத்தி எழுதுறியே, எங்க கடல எப்பய்யா பாக்கப் போற? இங்க பீச் சாக்கர் நடக்குது. சும்மா இல்ல, இந்தியா டீமுக்கு ஆள் எடுக்குறாங்க!"

விஷயம் இதுதான். தெற்காசிய நாடுகளின் தேசிய அணிகள் மோதும் கடற்கரைக் கால்பந்துப் போட்டி ஒன்று இன்னும் சில மாதங்களில் வெளிநாட்டில் நடக்க இருக்கிறது. அதற்கான இந்தியப் பயிற்சி முகாமுக்குத் தென்கரையிலிருந்து இரண்டே இரண்டு பேர் தேவை. அந்த இருவரைத் தேர்ந்தெடுக்க நான்கு கரையோர அணிகள் மீமிசலுக்குப் பக்கத்து மணலில் ஆடப்போகின்றன. வெள்ளி மாலை அரையிறுதி, ஞாயிறு காலை இறுதி.

பேருந்து உறுமியது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். எனக்கு எப்போதும் பாதித் தேநீர்தான் வாய்க்கும்.

காலை 7.05. புதுக்கோட்டை. முப்பத்தெட்டு ரூபாய் டிக்கெட், நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து அறந்தாங்கி. ஜன்னலுக்கு வெளியே செம்மண், முந்திரி, தைலமரம், மறுபடி செம்மண். ஆவணி வெயில் அந்த நேரத்துக்கே கம்பியில் சுட்டது. அறந்தாங்கியில் நாற்பது ரூபாய்க்கு நான்கு இட்லி, ஒரு வடை. மீமிசல் பேருந்தின் நடத்துநர் என் ஊரைக் கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

"பொன்னமராவதியா? அம்புட்டுத் தூரத்துலருந்து பந்து பாக்கவா வாரீங்க?"

"நீங்க பாக்கலியா?"

"நான் ஞாயித்துக்கெழமைக்கு லீவு போட்டுட்டேன் சார். ஜெரோம் ஆடுறான்ல."

ஜெரோம் என்ற பெயரை நான் கேட்டது அப்போதுதான். ஆவுடையார்கோயில் தாண்டியதும் நிலத்தின் நிறம் வெளிறத் தொடங்கியது. கருவேல மரங்கள் குட்டையாகின. காற்றில் உப்பு ஏறியது. உதட்டை நக்கிப் பார்த்தேன். ஆமாம், உப்புதான்! மூன்று பேருந்து, நூறு ரூபாய், நூறு கிலோமீட்டர். ஒரே மாவட்டம். அதன் ஒரு முனையில் பாறை, மறுமுனையில் கடல். இடையில் அரை நூற்றாண்டு சும்மா உட்கார்ந்திருந்தவன் நான்.

பகல் 11.20. மீமிசல் கடைத்தெருவில் இறங்கி, ஆளுக்கு இருபது ரூபாய் ஆட்டோவில் மீனவர் குடியிருப்புக்குப் போனேன். கடலைப் பார்த்ததும் முதலில் வந்தது ஏமாற்றம். அலையே இல்லை. தட்டையாக, பழுப்பாக, பெரிய ஏரி மாதிரி கிடந்தது. தூரத்தில் ஒரு ஆள் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தார், நடந்துகொண்டே இருந்தார். தண்ணீர் அவர் முழங்காலைத் தாண்டவில்லை.

"என்னய்யா இது, கடலா கண்மாயா?" என்றேன்.

சவரிமுத்துவுக்குத் தொப்பை போட்டிருந்தது, விசில் மட்டும் அப்படியே கழுத்தில். "அர கிலோமீட்டர் உள்ள போனாலும் இடுப்பளவுதான். கரையில மணலு கெடையாது, அம்புட்டும் சேறு. அதனாலதான் எங்க பயலுக்குக் காலு இரும்பு. சேத்துல நடந்து வளந்தவனுக்கு மணலு மெத்தை மாதிரி."

சேற்றுக் கரையில் மணல் ஆட்டம் எப்படி? ஊருக்குத் தெற்கே ஒரு மணல்மேடு உண்டு. அதைச் சமப்படுத்தி, கட்டட வேலைச் சல்லடைகளைக் கொண்டுவந்து, பெண்களும் ஆண்களுமாக ஐந்து நாள் சலித்திருக்கிறார்கள். வெறுங்காலோடு ஆடும் ஆட்டம், ஒரு கிளிஞ்சல் சில்லு போதும் பாதம் கிழிய. முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு கல் இல்லை. மாவு.

ஆட்டத்தின் கணக்கு எளிது. பக்கத்துக்கு ஐந்து பேர். பன்னிரண்டு நிமிடமாக மூன்று பகுதி. பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். சமனில் விடுவது கிடையாது. யாரை இடித்துத் தள்ளினார்களோ அவரே எழுந்து உதைக்க வேண்டும், முன்னால் மறித்து நிற்க யாருக்கும் அனுமதி இல்லை, கோல்காப்பாளர் ஒருவரைத் தவிர. இது இந்தப் போட்டியின் விதி.

கோல் வலைகளைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடையில் வாங்கிய வலை கிழிந்துபோக, ஊர்க்காரர்கள் கையாலேயே புதிது பின்னியிருக்கிறார்கள். மீன்வலைக்கு எப்படிப் பின்னுவார்களோ அப்படியே பின்னி, பின்பக்கம் வழக்கம்போல மடி வைத்துத் தைத்துவிட்டார்கள். உள்ளே போன மீன் வெளியே வராமல் தங்கும் பை அது. அரையிறுதியில் முதல் கோல் விழுந்தது. பந்து மடிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. கோல்காப்பாளர் தலைகீழாக உள்ளே நுழைந்து தேடினார். நடுவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"வெலாங்கு மீனு, வெலாங்கு மீனு! வாலப் புடிச்சு இழு!" என்று கரை முழுக்கச் சத்தம்.

அந்தக் கோலை அடித்தவன் ஜெரோம்.

மாலை 4.30க்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தில் அவன் மூன்று கோல் போட்டான். இருபத்தெட்டு வயது, அகன்ற தோள், அவசரமே இல்லாத உடம்பு. மற்றவர்கள் மணலை உழுதுகொண்டு ஓட, அவன் ஓரிடத்தில் நின்றான். பந்து ஆகாயத்திலிருந்து இறங்கியது. முதுகு மணலுக்கு இணையாக வர, கால் இரண்டும் மேலே எழும்பி, ஒரு கால் மட்டும் மின்னி, பந்து தலைக்குப் பின்னால் பறந்து மடியில் விழுந்தது. நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, "தண்ணி குடிங்க சார்" என்று பாட்டிலை நீட்டினார்.

ஆட்டம் முடிந்ததும் சவரிமுத்து அவனைக் கூட்டிவந்தான். ஜெரோம் விசைப்படகு ஓட்டுபவன். கூடவே வந்தாள் மனைவி ஸ்டெல்லா, தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை.

"ஞாயித்துக்கெழமை இப்படியே ஆடுனா இந்தியாதான் தம்பி!" என்றேன்.

அவன் மணலைக் காலால் கிளறினான். "ஆடணும் சார். தேர்வு செய்ற மேடம் ஞாயித்துக்கெழம மட்டுந்தான் வாராங்க. இன்னிக்கு ஆடுனத அவங்க பாக்கல."

"அப்புறம் என்ன?"

"நாளைக்குக் கடலு" என்றாள் ஸ்டெல்லா, அவனுக்குப் பதிலாக.

இந்தக் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. காற்று எச்சரிக்கை வந்து போன வாரம் முழுக்கப் படகு கட்டிக்கிடந்தது. இந்தச் சனியும் போகவில்லையென்றால் கூட வரும் நாலு பேர் வீட்டிலும் அடுப்பு யோசிக்கும். மாற்று ஓட்டுநருக்குக் காய்ச்சல்.

"காலைல ஆறு மணிக்குப் போயி, ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்குக் கரை. ஆட்டம் எட்டரைக்கு. ரெண்டரை மணி நேரம் கெடக்கு சார்" என்றான் ஜெரோம்.

"தூக்கம்?" என்றேன்.

"அதெல்லாம் திங்கக்கெழம தூங்கிக்குவாரு" என்றாள் ஸ்டெல்லா. குரலில் கோபம் இருந்தது. ஆனால் போகாதே என்று அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமை, காலை 6.00. படகுகள் புறப்படுவதைப் பார்த்தேன். பதினேழு படகு, பதினேழு புகை, பதினேழு தடதடப்பு. ஜெரோமின் படகில் மூத்தவர் காளிமுத்து, ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து கரையைப் பார்த்துக் கையாட்டினார். "நாங்க பயல பத்திரமா கொண்டாந்து எறக்கிருவோம். தூண்டில்ல புடிச்ச மாதிரி!"

அன்று பகல் முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கரையில் நடந்தேன், திரும்ப நடந்தேன். வறுத்த நெத்திலியோடு எண்பது ரூபாய்ச் சாப்பாடு. மாலையில் மேற்கிலிருந்து காற்று எழுந்தது. என் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் காற்று என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை. சவரிமுத்து மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

"இந்தக் கச்சான் காத்து நல்லா இல்லய்யா. ராத்திரி பூரா அடிச்சா தண்ணிய வெளிய தள்ளிரும்."

அடித்தது.

ஞாயிறு, காலை 7.00. கடலைக் காணோம். அப்படித்தான் சொல்ல வேண்டும். நேற்று தண்ணீர் நின்ற இடத்தில் சாம்பல் நிறச் சேறு பளபளத்தது. அதற்கப்பால் கணுக்கால் தண்ணீர், அதற்கப்பால் முழங்கால் தண்ணீர். ஏறக்குறைய அறுநூறு மீட்டருக்கு அங்கிட்டுப் பதினேழு படகும் வரிசையாகத் தரைதட்டி நின்றன, பொம்மைக் கடையில் அடுக்கியதுபோல. படகு வரத் தண்ணீர் போதாது. பகல் ஒரு மணிக்கு ஏறும் வரை அங்கேயேதான்.

7.40. வெள்ளைக் கார் ஒன்று வந்தது. தேர்வாளர் மேடம். நாற்பதைத் தாண்டிய வயது, வெயிலில் காய்ந்த முகம், காலில் செருப்புகூட இல்லை. இறங்கியதும் மணலில் நாலு அடி நடந்து பார்த்துவிட்டு, "நல்லா சலிச்சிருக்கீங்க" என்றார். பதினோரு மணிக்குக் கிளம்பினால்தான் மதுரையில் விமானத்தைப் பிடிக்க முடியுமாம்.

8.10. படகைக் கரைப்பக்கம் தள்ளிப் பார்த்து ஓய்ந்த பிறகோ என்னவோ, ஒரு படகிலிருந்து ஓர் உருவம் தண்ணீரில் குதித்தது.

"அவருதான். நடையப் பாருங்க" என்றாள் ஸ்டெல்லா.

8.30. ஆட்டம் அவன் இல்லாமலே தொடங்கியது. எதிரே குமரிக் கரையிலிருந்து வந்த அணி. அப்பப்பா, என்ன அணி! பிறந்தது முதல் பந்தோடு தூங்கியவர்கள் மாதிரி ஆடினார்கள். முதல் பகுதி முடிவதற்குள் இரண்டு கோல். நான் ஒரு கண்ணால் மணலைப் பார்த்தேன், மறு கண்ணால் கடலைப் பார்த்தேன். ஜெரோம் வந்துகொண்டிருந்தான். முழங்கால், கணுக்கால், சேறு. விழுந்தான், எழுந்தான். 8.45க்கு மூச்சு வாங்க, இடுப்புவரை சேற்றோடு, கோட்டின் ஓரத்தில் வந்து நின்றான். கரை எழுந்து கூவியது. யாரோ ஒரு குடம் தண்ணீரை அவன் தலையில் கொட்டினார்கள். சட்டையை மாற்றினான். உள்ளே நுழையக் காலை வைத்தான்.

போட்டி அலுவலர் கையை நீட்டினார். "அடையாள அட்டை?"

ஜெரோம் இடுப்பைத் தொட்டான். பிறகு கடலைத் திரும்பிப் பார்த்தான்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு அட்டை என்பது கடலுக்குத்தான். ரோந்துப் படகு நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டும். அதனால் ஆதார் அட்டை பிளாஸ்டிக் உறையில், படகின் ஓட்டுநர் அறையில், ஆணியில் தொங்கும். கரையில் இறங்கினால் அதை யார் கேட்கப்போகிறார்கள்? பிறந்த ஊரில் தன்னைத் தானென்று நிரூபிக்க வேண்டி வரும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"வெள்ளிக்கெழம காட்டுனாருங்களே சார்" என்றான் சவரிமுத்து.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அசல் காட்டணும். நாட்டு டீமுக்கான தேர்வு. நாளைக்கு யாராவது எழுதிப் போட்டா இவருக்குத்தான் கெடுதல்."

"படகுலருந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றோம்."

"அசல்."

குமரி அணியின் தலைவரே வந்து, "எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல, ஆடட்டும் சார்" என்றார். அலுவலர் அசையவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கே எரிச்சலாக இருந்தது. மேடம் கடலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நானே போயி எடுத்தாரேன்" என்று திரும்பினான் ஜெரோம்.

"போயிட்டு வந்தா ஆட்டம் முடிஞ்சிருக்கும்" என்றாள் ஸ்டெல்லா. பிறகு, வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரலில், கரையைப் பார்த்துச் சொன்னாள்: "வரிசை போடுங்க!"

கரைக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. தண்ணீர் வற்றிய நாளில் மீன் பெட்டியை இவர்கள் இப்படித்தான் இறக்குவார்கள். படகிலிருந்து கரைவரை ஆட்கள் இடைவெளி விட்டு நிற்க, பெட்டி கைமாறிக் கைமாறி வரும். ஒரு ஆள் நடக்கும் நேரத்தில் பாதி போதும். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதி எழுந்து சேற்றில் இறங்கியது. புடவையை முழங்காலுக்கு ஏற்றிய பெண்கள், கைலியை மடித்த ஆண்கள், ஞாயிற்றுக்கிழமைக்கென்று உடுத்திய வெள்ளைச் சட்டைகள். லீவு போட்ட பேருந்து நடத்துநரையும் கண்டேன். யாரோ காளிமுத்துவுக்குப் போன் போட்டார்கள். "கேபின்ல ஆணில தொங்குது. எடுத்துக்கிட்டு எறங்குங்க!"

நானும் இறங்கினேன்.  சேறு முதல் அடியிலேயே என் செருப்பை விழுங்கியது. இரண்டாவது அடியில் மற்றதையும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழாத குறையாக நடந்தேன். பின்னால் வந்த ஸ்டெல்லா ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இங்கனயே நில்லுங்க சார். அதுக்கு மேல போனா ஒங்கள எடுத்தார வேற வரிசை போடணும்."

அவள் எனக்குக் கரைப்பக்கம் பதினைந்தடியில் நின்றாள். கடல்பக்கம் மீன் விற்கும் அம்மா ஒருவர். முழங்கால்வரை தண்ணீர். தண்ணீர் சூடாக, கஞ்சி மாதிரி கொழகொழவென்று இருந்தது. பாதத்துக்கடியில் ஏதோ நெளிந்தது. நான் துள்ளினேன்.

"நண்டுதான் சார், கடிக்காது" என்றார் மீன்கார அம்மா. "கடிச்சாலும் சின்னதாத்தான் கடிக்கும்."

"வீட்டுச் சாவிய மறப்பாரு, பால் வாங்க மறப்பாரு" என்று ஸ்டெல்லா கடலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த அட்டைய மட்டும் படகுல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்காரு மனுசன்."

அப்போது கரையில் ஒரு பெரும் சத்தம் எழுந்தது. கோல்! நான் கையைத் தூக்கினேன். ஸ்டெல்லா தலையை ஆட்டினாள்.

"அது நம்ம சத்தம் இல்ல சார். நம்ம சத்தம் இவ்வளவு சீக்கிரம் அடங்காது."

சிறிது நேரத்தில் இன்னொன்று. இது அடங்கவில்லை, விசிலும் தகர டப்பாவும் சேர்ந்துகொண்டன. "இது நம்மது!" என்று வரிசை முழுக்கத் தண்ணீரை அள்ளி வீசினார்கள். முதுகுக்குப் பின்னால் நடக்கும் ஆட்டத்தைக் காதால் பார்த்துக்கொண்டு, கண்ணெல்லாம் படகுப் பக்கமே வைத்துக்கொண்டு, நூற்றுச் சொச்சம் பேர் கடலுக்குள் நின்றோம்.

பிறகு அது வருவது தெரிந்தது. அட்டை தெரியவில்லை, அதன் வேகம் தெரிந்தது. தூரத்தில் ஒரு கை நீண்டது, அடுத்த ஆள் நாலு எட்டு வைத்தார், ஒரு கை நீண்டது, அடுத்த ஆள். வரிசை நெடுக ஒரு சிலிர்ப்பு ஓடி வருகிற மாதிரி. மீன்கார அம்மா அதை வாங்கி, திரும்பி, என்னிடம் நீட்டினார். ஈரக்கையில் பிளாஸ்டிக் உறை வழுக்கியது. ஒரு நொடி, அது என் விரல்களை விட்டு நழுவிக் கீழே போனது!

"ஆத்தாடி!" என்றார் அம்மா.

தண்ணீரைத் தொடுவதற்குள் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். ஜெரோமின் முகம், மங்கலாக, மீசை அரும்பாத பழைய முகம், என் உள்ளங்கையில் என்னைப் பார்த்தது. வாழ்க்கையில் நான் கையில் ஏந்திய எந்தப் புத்தகமும் இவ்வளவு கனத்ததில்லை. நாலு எட்டு. சேறு இழுத்தது. ஸ்டெல்லா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கொடுக்காமல், தானே ஓடினாள்! அடுத்த ஆளைத் தாண்டி, அதற்கடுத்த ஆளையும் தாண்டி. "எங்கிட்டக் குடுக்கா! குடுத்துட்டுப் போக்கா!" என்று வரிசை கெஞ்சியது. மூச்சு முட்டியபிறகுதான் கைமாற்றினாள்.

9.20. நான் கரையேறுவதற்குள் பக்கத்துக்கு இன்னொரு கோல் விழுந்து, பலகையில் 2–4. மூன்றாவது பகுதி, ஐந்து நிமிடம் பாக்கி. அலுவலர் அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்து, ஜெரோமின் முகத்தைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்த்தார். அந்த மனிதருக்குக் கண்ணாடி போடும் வயது, கண்ணாடியைக் காணோம். கூட்டம் பல்லைக் கடித்தது.

"போங்க."

ஜெரோம் போனான். அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன், என் நெஞ்சு இன்னும் வரிசைக்கு வரவில்லை. முதல் பந்து அவன் மார்பில் பட்டு இறங்கியது. இடது காலால் ஓர் இடி. 3–4. மடிக்குள் போன பந்தை எடுக்க ஜெரோமே ஓடினான். கடிகாரம் நின்றிருக்கிறது என்பதுகூட அவனுக்கு மறந்துபோயிற்று. அடுத்து, அவன் உயரத்தில் தூக்கிவிட்ட பந்தை நம் கோல்காப்பாளரே முன்னேறி வந்து தலையால் முட்டினார். 4–4! தொண்டை கிழிந்தது, யாருடைய தொண்டை என்று தெரியாத அளவுக்கு எல்லோரும் ஒரே தொண்டையாக இருந்தோம்.

பதினெட்டு வினாடி பாக்கி. ஜெரோமை இடித்து வீழ்த்தினார்கள். அவன் எழுந்தான். அவனேதான் உதைக்க வேண்டும். மணலைக் கையால் கூட்டி, சின்ன மேடு கட்டி, அதன்மேல் பந்தை வைத்தான். கால் நடுங்குவது எனக்கே தெரிந்தது. இரவெல்லாம் விழித்த கால், சேற்றில் இழுபட்ட கால். உதைத்தான். பந்து மூலையைத் தேடிப் போனது. குமரியின் கோல்காப்பாளர், ஒல்லி மனிதர், பறந்தார். விரல் நுனி பட்டது. கம்பம். வெளியே.

மூன்று நிமிடக் கூடுதல் நேரத்தில் குமரி ஒரு கோல் அடித்தது. நாம் அடிக்கவில்லை. 4–5.

 பிறகு அந்த ஒல்லிக் கோல்காப்பாளரை நம் ஆட்களே தோளில் தூக்கினார்கள். ஜெரோம் மணலில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகம் வைத்திருந்தான். ஸ்டெல்லா பக்கத்தில் நின்றாள், தொடவில்லை.

10.15. மேடம் ஒலிபெருக்கியை வாங்கவில்லை. பத்தடியில் நின்று சாதாரணக் குரலில் சொன்னார்: "ரெண்டு பேர். குமரி கோல்கீப்பர் சகாயம். மீமிசல் ஜெரோம். முகாம் வியாழக்கிழமை ஆரம்பம், ரெண்டு வாரம்."

கரை வெடித்தது. நான் சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டேன், அவன் விசில் என் விலா எலும்பில் குத்தியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடத்திடம் போய்க் கேட்டேன்: தோற்ற அணி, அதிலும் எட்டு நிமிடம்தான் ஆடினான், எப்படி?

"மணல்ல ஓடுறவங்க நெறைய பேர் இருக்காங்க" என்றார். "இவர் நிக்கிறார். பந்து வர்ற வரைக்கும் காலடி மணலக் கலைக்காம நிக்கிறார். அது சொல்லிக்குடுத்து வராதுங்க. படகு ஓட்டுறவராமே?"

ஜெரோம் எழுந்து வந்தான். கண் சிவந்திருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டான், ஸ்டெல்லா அட்டை எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். அப்புறம்தான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"மேடம், வியாழக்கெழமன்னா ரெண்டு வாரத்துக்குப் படகுக்கு ஆள் இல்ல. கூடக் கடலுக்கு வாரவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லட்டுங்களா?"

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணி வரைக்கும் இருப்பேன்."

காளிமுத்துவின் போன் அணைந்திருந்தது. ஆனால் வரிசை இன்னும் கலையவில்லை. மீன் இறங்க வேண்டும், அதற்காகப் பாதிப் பேர் கடலிலேயே நின்றிருந்தார்கள். ஸ்டெல்லா சேற்றின் விளிம்புக்குப் போய் முதல் ஆளிடம் சொன்னாள். முதல் ஆள் இரண்டாம் ஆளிடம் கத்தினார். "ஜெரோம எடுத்துட்டாங்க! வியாழக்கெழம போகணும்! ரெண்டு வாரம்! அனுப்புறீங்களான்னு கேக்குறான்!" குரல் குரலாய் அது கடலுக்குள் போனது, சிறுத்துச் சிறுத்து, படகுக்கு அருகே புள்ளியாய் மறைந்தது.

நாங்கள் காத்திருந்தோம். 

பிறகு பதில் புறப்பட்டது. தூரத்தில் முதலில் கேட்டது சிரிப்பு. ஆள் ஆளாய்ச் சிரிப்பு வளர்ந்து வந்தது, எங்களுக்கு இன்னும் வார்த்தை புரியவில்லை. மீன்கார அம்மா வாய்க்கு வந்தது, அவருக்கு அடுத்தவர் வாய்க்கு வந்தது, கரையோரத்து ஆள் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்:

"காளிமுத்து அண்ணன் சொல்லுது: போகட்டும், காய்ச்சக்காரன் எந்திரிச்சிருவான்! ஆனா இப்ப ஐஸ் உருகுது, இந்தியாக்காரன மொதல்ல வந்து மீன எறக்கச் சொல்லு!"

ஜெரோம் சட்டையைக் கழற்றி மேடத்தின் காரின்மேல் வைத்தான். அட்டையை ஸ்டெல்லா கையில் திணித்தான். சேற்றில் இறங்கி, முழங்கால் தண்ணீரில், படகைப் பார்த்து ஓடத் தொடங்கினான். இப்போது அவன் கால் நடுங்கவில்லை.

மாலை 3.10. மீமிசலிலிருந்து அறந்தாங்கிப் பேருந்து, அதே நடத்துநர் இல்லை, அதே கட்டணம். ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய ரப்பர் செருப்பு காலில். முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது, எங்கள் பக்கத்துக் கண்மாய் கோடையில் வெடிப்பதுபோல. கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். பொன்னமராவதியில் நாங்கள் நின்ற இடத்தில் நின்று மழைக்குக் காத்திருக்கிறவர்கள். இங்கே தண்ணீர் பின்வாங்கினால் எழுந்து உள்ளே போய் வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் என் காலைப் பார்த்து, "வயலுக்குப் போயிட்டு வாரீங்களா?" என்றார்.

"கடலுக்கு" என்றேன். "நம்ம கடலுக்கு."